ஆறு விதமான அழுகை

ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயர் காது. வீடியோ கேமுக்குச் சத்தம் செய்வது அவன் வேலை. வெள்ளரிக்காயை முறித்து எலும்பை உடைப்பான், ஈரத் துணியைப் பிழிந்து குடலைச் சரிப்பான். ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே எல்லார் கண்ணும் முதலில் சத்தக்காரர்கள் மேல்தான் விழும். இந்த மாதமும் அந்தப் பேச்சு வந்திருந்தது. இருக்கிற மூன்று பேரில் ஒருவன்தான் மிஞ்சுவான்.

அந்த நேரம் பார்த்து, வீட்டுக் கதவு கிறீச்சிடுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஐந்து வயது மகள் விரலைக் கதவிடுக்கில் கொடுத்துவிட்டு வீலென்று கத்தினாள். மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். விரலை ஊதினான், ஐஸ் வைத்தான், அவள் தூங்கும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அன்றைக்கு நல்ல அப்பாதான், அதை மறுப்பதற்கில்லை.

கேமில் ஒரு காட்சி. இடிந்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் குழந்தை அழும். அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு வீரன் போக வேண்டும். நடிக்கிற குழந்தையின் குரல் வரும்வரை இடத்தை நிரப்ப, அன்று மைக்கில் பதிவாகியிருந்த மகளின் அழுகையை எடுத்துப் போட்டான். எல்லாரும் செய்வதுதான். இந்தத் தொழிலில் தற்காலிகமாகப் போட்டது அப்படியே தங்கிவிடுவதும் வழக்கம்தான், அதை மறந்துவிட்டான்.

கேமின் இயக்குநர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு முறை கேட்டார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரு குழந்தைப்பா இது?"

"என் பொண்ணு சார். சும்மா வெச்சிருக்கேன், எடுத்துடலாம்."

"எடுக்கறதாவது. தவம் கிடந்தாலும் இந்த மாதிரி கிடைக்காது. சரி, மீதி அஞ்சு எங்க?"

ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் விளையாடுகிறவனுக்கு இது மிஷின் என்று தெரிந்துவிடும். அதனால் காலடிக்கு ஆறு, துப்பாக்கிக்கு ஆறு என்று செய்து மாற்றி மாற்றி ஓடவிடுவார்கள். அழுகைக்கும் ஆறு வேண்டும்.

"நடிக்கற குழந்தை வந்ததும்..."

"நடிச்சா தெரிஞ்சிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடு. மேல உன் பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் வராமல் இருந்திருந்தால் மறுத்திருப்பேன் என்று பின்னால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நான் நம்பவில்லை.

மனைவி நர்ஸ், அந்த வாரம் வியாழன்வரை மாலை ஷிப்ட். வசதியாகப் போயிற்று. திங்கள்கிழமை மகளின் துணி யானையைத் தலை வேறு உடல் வேறாகப் பிய்த்துப் போட்டு, "நீதான் பிச்சே" என்று சாதித்தான். செவ்வாய்க்கிழமை குளியலறையில் துண்டுக்கு அடியில் மைக்கை வைத்து, அவளை உள்ளே விட்டு, விளக்கை அணைத்துத் தாழ் போட்டான். கதவைத் தட்டி அழுதது ஒன்று, தட்டி ஓய்ந்து அழுதது ஒன்று, ஆக இரண்டு கிடைத்தன. புதன்கிழமை எதற்கும் அவள் வாய்விட்டு அழவில்லை. ஓரமாக உட்கார்ந்து கண்ணீர் மட்டும் விட்டாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா இனிமே வரமாட்டா. உன்னாலதான் போயிட்டா."

அந்தப் பதிவு அருமையாக வந்தது. இடையில் விழுந்த நாற்காலிச் சத்தத்தை மட்டும் நறுக்கி எடுத்தான். வியாழக்கிழமை என்ன செய்தான் என்று நான் சொல்லப் போவதில்லை. ஐந்தும் சேர்ந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை இயக்குநர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அழுகையைத் தூக்கிட்டோம்பா. நேத்து விளையாடிப் பார்க்க ஆளுங்க வந்தாங்கல்ல, பழைய அழுகையைக் கேட்டதுக்கே பாதிப் பேரு ஹெட்போனைக் கழட்டிட்டாங்க. தாங்க முடியலையாம்."

"அப்ப என் வேலை சார்?"

"பயப்படாதே. அழுகைக்குப் பதிலா சிரிப்பு போடறோம். சுவருக்குப் பின்னாடி குழந்தை சிரிச்சா இன்னும் பயமா இருக்கும். அதே பொண்ணுதான் வேணும். திங்கட்கிழமைக்குள்ள ஆறு விதமா குடுத்துடு, மேல பேசிடறேன்."

சிரிப்புதானே என்று அவனுக்கு உயிர் வந்தது. புது யானை ஒன்றும் ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தான். அன்று மனைவிக்கு விடுமுறை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகளைக் கூடத்தில் உட்கார வைத்து, யானையை மடியில் போட்டு, பையிலிருந்து மைக்கை எடுத்தான். ஒளித்து வைத்ததாக அவன்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

மகள் யானையைத் தொடவில்லை. மைக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எது வேணும்பா?" என்றாள். "இருட்டு அழுகையா, அம்மா அழுகையா?"

சமையலறையில் குழாய் நின்றது. மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அது என்ன அம்மா அழுகை?"

அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். மகள்தான் பதில் சொல்ல ஆரம்பித்தாள், திங்கட்கிழமையிலிருந்து வரிசையாக, எதையும் விடாமல்.