குரங்குக்கு மரியாதை

...அறுபத்தொன்பது, எழுபது, அடடா, எழுபத்தொன்று, இந்தப் பெண் இன்றைக்கு எண்பதைத் தாண்டிவிடுவாள், தாண்டினால் எங்கள் ஊர் மஹலாப்யே முழுக்க நூறு மாட்டோடு ஊர்வலம் விடுவேன் என்று போன வாரமே சந்தையில் சொல்லிவைத்திருக்கிறேன், என்னிடம் ஒரு மாடுகூட இல்லை என்பது வேறு விஷயம்... தொலைக்காட்சியில் கிளை மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கு பழத்தை நீட்டுகிறது, என் தங்கை மகள் ரெசேகோ, ஒன்பது வயது, வலது கையைத் தூக்கி வாங்குகிறாள், டிங் என்கிறது பெட்டி. தொலைக்காட்சிக்கு அடியில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு ஒற்றைக் கண், தோள் எவ்வளவு ஏறியது, கை எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும், படம் போகாது, எண்ணும் கோடும்தான் போகும். பிறந்தபோதே மூளையில் எங்கோ ஒரு கடுகளவு இடம் வாடிப்போனதில் அவளுடைய வலது கை சொன்ன பேச்சு கேட்காது, மடங்கிக்கொண்டே நிற்கும். முன்பெல்லாம் அதைக் காட்ட மாதம் ஒருமுறை பஸ் ஏறவேண்டும், இப்போது தினமும் மாலை இருபது நிமிடம் குரங்கோடு விளையாட்டு, அங்கே உட்கார்ந்தபடி பிசியோக்காரம்மா செட்லாரே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறாள்... என்ன கண் அது! எனக்கு இப்படி ஒன்று கொடுத்திருந்தால்? முப்பத்தொரு வருடம் கால்நடை வேலிக் கேட்டில் நின்றவன் நான், மாட்டு நோய் பரவாதிருக்கப் பச்சை இறைச்சி வேலிக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது, லாரிக்காரர்கள் எனக்கு மூக்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள், ஒருமுறை சவப்பெட்டிக்குள் முழு எருது, சுற்றி இருபது பேர் கதறி அழுதார்கள், பெட்டியைத் திறக்கச் சொன்ன பிறகுதான் அந்த அழுகை நிஜமானது. எருதா, கன்றா? சரி, கன்று. சொல்லும்போது எருதாகிவிடுகிறது.

எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று... வாரக் கணக்கு எடுக்கும் நாள் இன்றைக்கு, இந்த வாரமும் எண்பதைத் தொட்டால் உறை வேண்டாம் என்று செட்லாரே சொல்லியிருக்கிறாள், தொடாவிட்டால் நல்ல கையான இடது கையைத் தடித்த துணி உறைக்குள் போட்டு மூன்று வாரம் கட்டிவைப்பார்கள், அப்போதுதான் வலது கைக்கு வேறு வழியில்லாமல் புத்தி வரும், வராவிட்டால் முழங்கை இறுகிப்போகும், அப்புறம் கத்திதான். உறை என்றாலே ரெசேகோவின் முகம் கறுத்துவிடும். போன வாரம் எண்பத்துமூன்று! என் தங்கை பொனோலோ அடுப்படியிலிருந்தே குலவையிட்டாள். அதுவும் இவள் வாங்குகிற அழகைப் பாருங்கள், வலது கையை நீட்டி, இடது கையை அந்த முழங்கைக்கு அடியில் கொடுத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, எங்கள் ஊரில் பெரியவர்களிடம் வாங்குவதைப் போலவே, குரங்கிடம்! அந்தக் குரங்கும் இப்படி ஒரு மரியாதையை எந்தக் காட்டிலும் பார்த்திருக்காது. பள்ளிக்கூடத்தில் இவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதோ சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, நானே ஆணி அடித்தேன், கட்டைவிரலில் பாதி போனது... எழுபத்தாறு. எழுபத்தாறா? எழுபத்தாறு. ஆனால் அவள் இடது தோள் ஏன் இப்படி இறங்கியிருக்கிறது?

பார்க்காதே, வேலையை விட்டு ஏழு வருடமாகிறது, பேசாமல் வடையைத் தின்னு... ஆனால் கண் கேட்கிறதா? லாரியில் என்ன இருக்கிறது என்று டிரைவர் வாய் ஆயிரம் சொல்லும், ஸ்பிரிங் பொய் சொல்லாது, காலி வண்டி என்பான், பின்பக்கம் தரையைத் தொடும். மரியாதைக்கு எடை கிடையாதே, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிற கைக்கு விரல்நகம் ஏன் வெளுத்திருக்கிறது, கழுத்து நரம்பு ஏன் புடைக்கிறது? திரையில் அவளுக்குப் பதிலாக நிற்கும் குச்சி மனிதனைப் பார்க்கிறேன், அவனுடைய இடது கை வலது கைக்குள் மறைந்து போயிருக்கிறது, பெட்டிக்கு ஒரே கைதான் தெரிகிறது, ஏறுகிற கை. ஏற்றுகிற கை? ஐயோ, கடவுளே... நானும் பார்த்தேன், பொனோலோவும் பார்த்தாள், ஊரே பார்த்தது, மரியாதைக்காரப் பெண் என்றோம், ஒருவராவது அடியில் குனிந்து பார்த்தோமா? முப்பத்தொரு வருடத்தில் என்னைத் தாண்டி ஒருவரும் கடத்தியதில்லை, இந்த அரையடிப் பெண் என் மூக்குக்கு நேராக, நான் கைதட்டத் தட்ட ஒரு முழுக் கையைக் கடத்தியிருக்கிறாள்! கோபம் வரவேண்டும், வரவில்லை, எழுந்து நின்று சல்யூட் அடிக்கலாம் போலிருக்கிறது.

"என்ன மாமா அப்படிப் பாக்குறீங்க?"

"ஸ்பிரிங்கைப் பாக்குறேன். இடது பக்கம் இறங்கியிருக்கே. லோடா?"

அவள் அப்படியே நின்றாள். குரங்கும் பழத்தை நீட்டியபடி நின்றது, திரை மூலையில் இரண்டரை நிமிடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை, பிறகு என் பக்கம்.

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"எப்பலேருந்து இந்த வியாபாரம்?"

"ரெண்டாங் கிளாஸ்லேருந்து." குரல் உள்ளே போய்விட்டது. "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். இப்படி வாங்குனா யாரும் கையைப் பாக்க மாட்டாங்க மாமா, நல்ல பொண்ணும்பாங்க. உறை போட்டுட்டா இது மட்டுந்தானே வெளிய இருக்கும்... எல்லாரும் பாப்பாங்க."

ஓ. அப்படியென்றால் சுவரில் நான் ஆணி அடித்தது எதற்கு? இன்னும் நாலே பழம், எண்பது, நான் வாயை மூடிக்கொண்டால் போதும், கேட்டைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கம் பார்க்கிற ஆளா நான், அப்படிச் செய்த கூட்டாளிகளை எவ்வளவு திட்டியிருக்கிறேன், ஆனால் அவர்கள் யாரும் தங்கை மகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லையே, அந்த முழங்கை இறுகினால் கத்தி, இறுகாவிட்டால்... எனக்குச் சீரியசாகப் பேச வராது, வந்ததே இல்லை.

"அதுசரி, டீச்சருக்கு மரியாதை, எனக்கு மரியாதை. அந்தக் குரங்கு உனக்கு என்ன, பெரியப்பாவா?"

"போங்க மாமா!" சிரிப்பா அழுகையா தெரியவில்லை, இரண்டும்தான், கண்ணைத் துடைக்க இடது கையை எடுத்தாள், சரியாக அந்த நேரம் பார்த்து அந்த வலது கை, தனியாக, அடியில் ஒருவரும் இல்லாமல், நடுங்கிக்கொண்டு, இடுப்பு வரை, மார்பு வரை, பிறந்த கன்று முதல்முதலாக எழுந்து நிற்பதுபோல் கோணல்மாணலாக... டிங். எழுபத்தேழு. பெட்டிக்கு அது இன்னொரு டிங், அவ்வளவுதான், எழுபத்தாறாவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். என் உடம்பெல்லாம் புல்லரித்தது, சத்தியமாக, இதில் ஒரு சொட்டுகூட மிகையில்லை.

அவள் எண்ணைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு இடது கையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள், "பிடிச்சுக்குங்க, விடாதீங்க," அதட்டல்தான். பிடித்துக்கொண்டேன். ஒரு பழம் விழுந்தது, இன்னொன்றும், மூன்றாவதை மணிக்கட்டால் இடித்து வாங்கினாள், சே என்ன மரியாதை கெட்ட வாங்கல், எவ்வளவு அழகு! எழுபத்தெட்டில் நேரம் முடிந்தது. பெட்டி தன் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது, எழுபத்தெட்டு என்று, அதில் இரண்டுதான் உண்மை என்பதை எந்தக் கோடு சொல்லும்?

பொனோலோ தட்டோடு வந்தாள். "எவ்வளவு?" என்றாள். "எழுபத்தெட்டா? ரெண்டே ரெண்டுல போச்சே! அண்ணே, நீங்க பக்கத்துல உக்காந்து வாயாடிக்கிட்டே இருந்தா அவ எப்படி விளையாடுவா?"

"ரெண்டும் நல்லா வந்துச்சும்மா," என்றாள் ரெசேகோ. பொனோலோவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் காதருகே குனிந்து, "திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில செட்லாரே அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க எருதுக் கதை மாதிரி ஆக்கிடுவீங்க," என்றாள். உறை வரும். மூன்று வாரம் அந்தக் கை வெளியே தெரியும், தெரியட்டும், சிரிக்கிறவனை நான் சோதனை போடுகிறேன்... தங்கை சோளக்கூழ்த் தட்டை நீட்டினாள், வலது கையால் வாங்கினேன், வழக்கம்போல இடது கை தானாகப் போய் முழங்கைக்கு அடியில் நின்றது, அறுபத்தைந்து வருடப் பழக்கம், அதற்கு யாரும் சொல்லவேண்டியதில்லை... ரெசேகோ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூழ்தானே, என்ன எடை இருந்துவிடப் போகிறது, இடது கையைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன், எடுக்கவில்லை.