செல்லாத ரேகை

1

இப்போதெல்லாம் மனிதர்கள் நல்ல சட்டையைக் கொடுத்து அதில் கிறுக்கச் சொல்கிறார்கள். பிறகு அதைத் துவைப்பதுமில்லை, போடுவதுமில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி விளக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். கேட்டால் கையெழுத்தாம். எங்கள் மலையில் ஒருவன் கையெழுத்துப் போட்டான் என்றால், காடு கைமாறிப் போயிற்று என்று அர்த்தம்.

இந்தக் கதை எனக்கு ஏற்காட்டு டீக்கடையில் கிடைத்தது. சொன்னவர் கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டக்காரர் காளியப்பன். தன் பக்கம் சாய்த்துத்தான் சொல்லியிருப்பார்.

2

தொடக்கம்: மூடுபனி சேர்வராயன் மலையை மெல்லத் தழுவிக்கொண்டிருந்த—

வேண்டாம். அன்றைக்குச் சுள்ளென்று வெயில்.

மறுபடி: காளியப்பனின் மகள் கீர்த்தனா லாட்ஜில் வேலை பார்க்கிறாள். ‘ஈரத் தீப்பெட்டி’ என்ற பாட்டுக்குழு என்றால் அவளுக்கு உயிர். அவர்கள் கையெழுத்திட்ட மேளக்குச்சி, தொப்பி என்று ஒரு அலமாரியே வைத்திருக்கிறாள். நான்கு பேரும் நிற்கும் போஸ்டரில் மூவர் போட்டாயிற்று. பாடுகிற பவித்ரா மட்டும் போடவில்லை. குழு கலையப்போகிறது. கடைசிப் பாட்டைப் பதிவுசெய்ய இங்கே ஒரு எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்தவர்கள் அன்றைக்குக் கிளம்புகிறார்கள். இன்று விட்டால் அந்த நாலாவது கையெழுத்து என்றைக்கும் இல்லை.

(அவர்களுடையது புது அலை இசையாம். மலைக்கு எப்படி அலை வந்தது என்று கேட்டேன்.)

3

மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் காளியப்பனும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டார்.

பவித்ரா வெளியே வந்தாள். மழித்த தலை, தொளதொளச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாளாம், பேசவில்லை. ஆண்தான் என்று முடிவுகட்டக் காளியப்பனுக்கு அது போதுமானதாக இருந்தது.

“எந்தக் கோயலுக்கு முடி குடுத்தீங்க தம்பி?”

“அப்பா! சித்த சும்மா இருங்க!”

(‘தம்பி’யை ஏன் அப்போதே திருத்தவில்லை என்று பிறகு லாட்ஜில் கீர்த்தனாவைக் கேட்டேன். “அவங்க என்னயப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு வாயே வரலீங்க” என்றாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.)

பவித்ரா சிரித்தபடி போஸ்டரில் ஒரு இழுப்பு இழுத்தாள். கீர்த்தனாவின் கண் நிறைந்துவிட்டது. காளியப்பன் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இது கையெழுத்துங்களா, மம்புழு போன தடமுங்களா? இத நானே போட்டுருவனே! நாளைக்கி நான் போடலைன்னு நீங்க சொன்னா எம்புள்ள என்ன பண்றது? ரேகை வையுங்க.”

(மை எங்கிருந்து வந்தது? பங்களாத் தாழ்வாரத்தில் ரைட்டரின் மேசை. ரைட்டர் என்றால் எஸ்டேட் கணக்குப் பார்க்கிறவர். என்னைப்போல் இல்லை, அவருக்குச் சம்பளம் உண்டு.)

மகள் தடுப்பதற்குள் அவர் அந்த இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து போஸ்டரில் அழுத்திவிட்டார். படத்தில் மேளக்காரனின் மூக்கு மறைந்தது. பவித்ராவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“போதுங்களா ஐயா?”

பெண் குரல்.

“அட கெரகமே! பொம்பளப் புள்ளயா நீயி? ஆம்பளைக்குத்தான் இடது. பொம்பளைக்கு வலதுல்ல வைக்கோணும்! இது செல்லாது சாமி. அந்தக் கையக் குடு!”

கொடுத்தாள். பதற்றத்தில் வலது ரேகை நேராக அந்தக் கையெழுத்தின்மேலேயே விழுந்தது. ஈர மையும் ஈர மையும் சேர்ந்து, மண்புழு இருந்த இடத்தில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது.

“போச்சு,” என்றாள் கீர்த்தனா.

“என்ன போச்சு? ரெண்டு ரேகை இருக்குது கண்ணு. எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும்.”

“கோர்ட்டுக்கு யாருங்கப்பா போறா? நான் செவுத்துல மாட்டோணும்னு ஆசப்பட்டேனுங்க.”

காளியப்பன் மைக்கையை வேட்டியில் துடைத்தார். அதற்குள் பவித்ராவை ஏற்றிக்கொண்டு குழுவின் வேன் கிளம்பிவிட்டது.

4

முடிவு அ: வேன் நிற்கிறது, பவித்ரா இறங்கி வந்து மறுபடி கையெழுத்து—

நிற்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் எவன் நிறுத்துவான்?

முடிவு ஆ: பாடகியின் இரண்டு ரேகையும் உள்ள போஸ்டர் நாட்டிலேயே இது ஒன்றுதான் என்று சேகரிப்பவர்கள் கீர்த்தனா வீட்டைத் தேடி வருகிறார்கள். அப்படித்தான் காளியப்பன் ஊரெல்லாம் சொல்கிறார். வந்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

போஸ்டர் இன்னும் சுருட்டியபடி அலமாரிமேல் கிடக்கிறது. மாட்டுவாளா, கிழிப்பாளா, அப்பனோடு மறுபடி பேசுவாளா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முடித்தபின் அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். நான் போடமாட்டேன். டீயைக் குடித்தாயிற்று, எழுந்துவிட்டேன். அத்தனை கிட்டத்தில் நின்ற காளியப்பனுக்கு ஆணா பெண்ணா தெரியவில்லை என்பதையே நான் இன்னும் நம்பவில்லை.