பார்ப்பவர்: ஒருவர்

டென்மார்க்கின் ஓல்போர்க்கில் றெஜினாவுக்குக் கமரா பிடிக்கத் தெரியும் என்பது தமிழர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபையின் ஆராதனையை இணையத்தில் நேரலையாக விடுபவள் அவள்தான். வாரநாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. சனிக்கிழமை வந்தால் கூடைப்பந்துக் கழகத்தின் ஆட்டத்தைப் படம் பிடித்து நேரலையாக விடப் போவாள். சம்பளம் கிடையாது, ஒரு கோப்பியும் ஒரு பணிசும்தான். ஆனால் சபைப் பழக்கம் அவளை விடாது. பந்து எங்கே ஓடினாலும் அவள் கமரா யாருடைய முகத்திலாவது போய் நின்றுவிடும். "இது பிரசங்கம் இல்லை, மைதானம் முழுவதையும் காட்டுங்கள்" என்று கழகத்தார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்கள்.

முகத்தைக் காட்டும்படி தானாகவே வந்து கேட்டவன் தில்முராத் ஒருவன்தான். உய்குர் இனத்தவன். சீனாவின் மேற்கு மூலையில் குல்ஜா அவன் ஊர். பதினாறு வயதில் அந்தப் பக்கத்துத் தொழில்முறை அணியொன்றில் சேர்ந்தான். பிறகு கசகஸ்தான், துருக்கி, கடைசியில் டென்மார்க். இப்போது முப்பத்தேழு வயது, இரண்டு மீற்றர் உயரம், தேய்ந்துபோன வலது முழங்கால். போன வருடமே விளையாட்டை விடச் சொல்லிவிட்டார் டொக்டர். அவன் விடவில்லை.

ஏன் என்று றெஜினாவுக்கு மட்டும் சொன்னான். இருவரும் பேசியது அரைகுறை டேனிஷில். இங்கே அது எங்கள் தமிழிலேயே வரட்டும்.

"அம்மாவோட கதைச்சு ஏழு வருசம், அக்கா. வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையோட கதைச்சால் அங்கை பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். போன் எடுக்காதை, எழுதாதை எண்டு அவதான் சொன்னவ. ஆனால் எங்கடை கழகத்தின்ரை இணையப் பக்கம் அங்கை திறக்கும். அவ மட்ச் பாக்கிறவ."

எதிரணிக்காரன் இடித்துவிட்டால் கோட்டில் தனியே நின்று பந்தெறிய விடுவார்கள். அப்படி எறிவதற்கு முன் தில்முராத் இடது காதைத் தொடுவான். நான் சுகம் என்று அர்த்தம்; கடைசியாகக் கதைத்தபோது அம்மாவோடு பேசி வைத்தது. மறுநாள் அம்மா தன் கைப்பேசிக் கணக்கில் இருக்கும் படத்தை மாற்றுவார். ஒரு வாரம் அப்ரிகொட் பழம், இன்னொரு வாரம் தேநீர்க் கிண்ணம். உன்னைக் கண்டுவிட்டேன் என்று அர்த்தம்.

இருபது வருட விளையாட்டு கடைசியில் அந்த ஒரு காதளவுக்குச் சுருங்கிவிட்டது. பயிற்சியாளர் அவனைக் கடைசி ஐந்து நிமிடம் இறக்குவார். அவன் வேண்டுமென்றே ஆட்களுக்குள் புகுந்து, இடிபட்டு, நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வருவான். றெஜினா கழகத்தாரை மறந்துவிட்டுக் கமராவை அவன் முகத்துக்கு இழுப்பாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அம்மாவின் படம் மருந்துப் போத்தலாக மாறியது. அவன் அதை றெஜினாவிடம் கொண்டுவந்து காட்டினான்.

"அம்மான்ரை பேர் என்ன தம்பி? ஜெபத்திலை வைக்கிறன்" என்றாள் றெஜினா.

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஹவாகுல். மெல்லமாய்ச் சொல்லுங்கோ."

கூச்சப்படுகிறான் என்று அவள் நினைத்தாள். பிழை அங்கேதான் நடந்தது. அவளுடைய சபையில் பெயர் சொல்லாத ஜெபம் ஜெபமே இல்லை. நோயோ, விசாவோ, சோதனையோ, எதுவானாலும் பெயரும் ஊரும் ஒலிவாங்கியில் முழங்கியாக வேண்டும். துண்டுத்தாளில் எழுதிப் பாஸ்டர் கையில் கொடுத்தாள். தில்முராத்தின் படத்தையும் தானே திரையில் போட்டாள். "குல்ஜாவிலே வியாதியாய் இருக்கிற ஹவாகுல் அம்மாவைத் தொடும் ஆண்டவரே!" என்று பாஸ்டர் கூப்பிட, சபை முழுவதும் திரையை நோக்கிக் கையை நீட்டியது. றெஜினா அழுதுகொண்டே அதை நேரலையாக விட்டாள்.

யாரோ அந்தப் பகுதியை வெட்டி, டேனிஷில் இரண்டு வரி எழுதிப் பரப்பினார்கள். திங்கட்கிழமை கழகம் பெருமையோடு அதைத் தன் பக்கத்திலும் போட்டது. அங்கே திறக்கும் என்று அவன் சொன்னானே, அதே பக்கத்தில்.

வியாழக்கிழமை அம்மாவின் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம் ஒன்றுதான் இருந்தது. தில்முராத் றெஜினாவின் வீட்டுக்கு வந்து கைப்பேசியைக் காட்டினான்.

"வேறை காரணமாயும் இருக்கலாம்" என்றார் றெஜினாவின் கணவர் நேசராஜா. இருக்கலாம்தான். அதை இனி யார் போய்க் கேட்டு அறிவது?

"நான்தான் பேரைக் குடுத்தனான், தம்பி. உம்மடை படத்தைப் போட்டதும் நான்தான்."

"நீங்கள் அம்மாவுக்குச் சுகம்தானே கேட்டனீங்கள்" என்றான். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

சபையாரும் கழகத்தாரும் எல்லாவற்றையும் அழித்தார்கள். அழித்து என்ன, வட்டம் சாம்பலாகவே கிடந்தது. சித்திரையில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அவனுடைய முழங்கால் ஒரேயடியாக விட்டுப்போயிற்று. கழகம் ஒரு பூச்செண்டு கொடுத்து அவனை அனுப்பிவைத்தது.

புதிய பருவம் தொடங்கியது. ஆட்டத்துக்கு அரை மணி முன்பே றெஜினா நேரலையைத் திறந்து சரிபார்ப்பாள். சத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று அறியத் தன் கைப்பேசியிலும் அதைத் திறந்து கைப்பைக்குள் வைத்திருப்பாள். அந்த நேரத்தில் தில்முராத் வருவான். களஞ்சிய வேலை முடிந்த உடுப்போடு, ஊன்றுகோலோடு. வெறும் மைதானத்தில் கோட்டருகே போய், பந்தில்லாமல் நின்று, இடது காதைத் தொடுவான். றெஜினா கமராவை அவன் முகத்துக்கு இழுப்பாள்.

"ஆரும் பாக்கினமோ, அக்கா?"

திரையின் மூலையில் 'பார்ப்பவர்: ஒருவர்' என்று இருந்தது. அந்த ஒருவர் அவளுடைய கைப்பைக்குள் இருந்த கைப்பேசிதான்.

முன்பு வாயை மூடத் தெரியாமல் போனவள் அவள். இப்போது கைப்பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

"ஓம் தம்பி. ஒராள்."

அவன் முகம் மலர்ந்தது. தலைமயிரைக் கையால் கோதிச் சரிசெய்தான்.

"அப்ப இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கோ" என்றான்.