விருந்தாளிப் பாய்

லுப்பேயின் இடுப்பில் பாயைச் சுற்றி, தென்னைநார்க் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள் விக்கா. லுப்பே நிற்காமல் நெளிந்தாள்.

"வயிறு வலிக்குதுக்கா. கொஞ்சம் தளர்த்து."

"மூச்ச உள்ள இழு. அவுந்து விழுந்தா ஊரே சிரிக்கும்."

தம்பி செமிசி ஏற்கெனவே கட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றான். மூன்று பேர் இடுப்பிலும் சின்னப் பாய்கள், மடிப்புக் கலையாதவை. கோயிலுக்குப் போகும்போது கட்டுவது. அவற்றைத் தேடி எடுப்பதற்குள் விக்காவுக்கு வேர்த்துவிட்டது.

டோங்காவில் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் செத்தவருக்கு என்ன உறவு என்று யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. இடுப்பைப் பார்த்தால் போதும். பெற்ற பிள்ளைகள் ஓரம் பிய்ந்த, கிழிந்த பெரிய பாயைக் கட்டுவார்கள். அக்கம்பக்கத்தார் சின்னதாக, சுத்தமாகக் கட்டுவார்கள். விக்கா இரவெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தாள். உள்ளே பெட்டியில் படுத்திருக்கும் பெனி அவர்களைப் பெற்றவர் இல்லை. அப்பாவும் அம்மாவும் போன படகு திரும்பி வராதபோது, உறவுக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ரத்த சம்பந்தமே இல்லாத பெனிதான் கோயில் பேருந்தை ஓட்டிக்கொண்டு வந்து, "மூணு பேரும் ஏறுங்க, சீட்டு நிறையக் காலியா இருக்கு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்காகக் கிழிந்த பாயை எடுத்துக் கட்டினால், வளர்ப்புப் பிள்ளைகளுக்கு வாயைப் பார் என்று சொல்லிவிட மாட்டார்களா?

பெனியின் மனைவி எசெட்டா அம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் முந்தாநாளிலிருந்து புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்கிற முகமாக இல்லை அது.

"விக்கா! எங்க இருக்கீங்க?"

சித்தானி மாமா. பெற்ற அம்மாவின் தம்பி. வவாவு தீவிலிருந்து கப்பலில் ஒரு பன்றியோடு வந்து இறங்கியிருந்தார். பன்றி நல்ல பன்றி, அதில் குறை சொல்ல முடியாது. வந்ததிலிருந்து செமிசியின் தோளைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமா தலையாட்டினார். "பரவால்லயே, உனக்கே புரிஞ்சிருக்கு. நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

"என்ன மாமா?"

"இனிமே இந்த வீடு பெனியோட அக்கா லவினியா கைல. எசெட்டாவுக்குப் பிள்ளையா குட்டியா? அவளே பொறந்த வீட்டுக்குப் போயிடுவா. செமிசி என்னோட வரட்டும், கிழங்குத் தோட்டத்துக்கு ஆள் வேணும். உன்ன ஆக்லாந்துல என் மச்சினி கேக்குறா, கைக்குழந்தய பாத்துக்க."

"லுப்பே?"

மாமா லுப்பேயைப் பார்த்தார். லுப்பே அவரைப் பார்த்தாள்.

"அது சின்னது. எங்கயாவது வளந்துக்கும்."

விக்கா தங்கையின் கயிற்றைத் தளர்த்திவிட்டு, மறுபடி இறுக்கினாள். கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

வீட்டுக்குள் துக்கப் பாட்டு நின்றிருந்தது. பெட்டியின் தலைமாட்டில், அடுக்கிய பாய்களின் மேல் லவினியா உட்கார்ந்திருந்தாள். பெனியின் அக்கா. சாவு வீட்டில் தலைமாடு செத்தவரின் அக்காவுக்குத்தான், அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஒற்றைக் கையால் பேருந்தைச் சந்துக்குள் பின்னால் எடுக்கிற பெனி, இந்த அக்கா வருகிறாள் என்றால் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். விக்காவுக்கும் அவளைக் கண்டாலே கண் வாழைமரத்தைத் தேடும்.

மாமா மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய், வாசலிலேயே குனிந்து உட்கார்ந்து, துக்கம் சொல்லி, பன்றியைச் சொல்லி, மெல்ல விஷயத்துக்கு வந்தார். "பிள்ளைங்கள நான் கூட்டிட்டுப் போறேன் தாயே. நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேண்டாம். அதுங்க இடுப்பையே பாருங்களேன். விருந்தாளிங்க மாதிரிதான் கட்டிட்டு வந்திருக்குதுங்க. விருந்தாளின்னா சாயங்காலம் கிளம்பணும்ல?"

எசெட்டா அம்மா நிமிர்ந்தாள். அந்தச் சின்னப் பாய்களைப் பார்த்தாள். பெனி செத்து விழுந்தபோதுகூட அவள் முகம் இப்படி ஆகவில்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் விக்காவுக்கு உறைத்தது. மரியாதை என்று நினைத்துக் கட்டியது, போய்வருகிறோம் என்று சொல்லியிருக்கிறது. பெனி முகத்துக்கு நேரே நின்றுகொண்டு.

லவினியா விசிறியைக் கீழே வைத்தாள்.

"டேய், பையா. இங்க வா."

செமிசி போனான். அவள் பின்னால் கையை விட்டு ஒரு தட்டை எடுத்தாள். மேலே இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. திறந்தாள். பாதி கடித்த ரொட்டி, காய்ந்து கல்லாகியிருந்தது. பெனி கடைசியாகச் சாப்பிட்டது. டீயில் முக்கிப் பாதி தின்றுவிட்டு, "வண்டிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து மீதி" என்று எழுந்து போனவர்.

"இது அலமாரில இருந்துச்சு. யாரு மூடி வச்சது?"

"நாந்தான்."

"நீ எந்நேரமும் பசி பசின்னு திரியறவன்னு என் தம்பி சொல்லுவான். ரெண்டு நாளா அடுப்பு எரியல. இத ஏன் திங்கல?"

செமிசிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இது என்ன, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பதுபோல அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா சாப்ட்ட மிச்சத்தப் பிள்ளைங்க திங்கக் கூடாதுல்ல," என்றான்.

அப்பாவின் மிச்சம் டோங்காவில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் விலக்கு; விருந்தாளி தின்னலாம். விக்கா ஒருநாள்கூட அப்பா என்ற சொல்லைப் பெனியிடம் சொன்னதில்லை. பெனி என்றுதான் கூப்பிட்டாள். தம்பி எப்போது சொல்லப் பழகினான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

லவினியா மூக்கை உறிஞ்சினாள். பிறகு கத்தினாள்.

"யாருடி இதுங்களுக்கு இந்தப் பாயக் கட்டிவிட்டது? என்ன, கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க? அப்பன் செத்துக் கிடக்குறான், மினுக்கிட்டு நிக்குறீங்க! அவுருங்க! எசெட்டா, எங்கப்பா செத்தப்போ பெனி கட்டின பாய் எங்க? அத எடு. இருக்கறதுலயே நாறலா இன்னும் ரெண்டு எடு."

எசெட்டா அம்மா எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி சாய்ந்துவிட்டாள்.

பாய்கள் வந்தன. பூச்சி அரித்தது, ஓரம் தொங்கியது, பழைய மழை வாசனை அடித்தது. விக்காவுக்குக் கட்டியது தாடை வரைக்கும் ஏறியது. எசெட்டா அம்மா கயிற்றை இழுத்துக் கட்டினாள். "என்னக் கேட்டிருக்கக் கூடாதாடி?" என்று காதில் மட்டும் சொன்னாள். லுப்பே ஓர் அடி எடுத்து வைத்து, பாய் தடுக்கி விழுந்து, தானே எழுந்தாள்.

"இன்னும் என்ன பாத்துட்டு நிக்குறீங்க?" என்றாள் லவினியா. "பிள்ளைங்களுக்கு உள்ள என்ன வேல? உள்ள உக்கார்றது விருந்தாளிங்க, சமைக்கறது பிள்ளைங்க. அடுப்புக்குப் போங்க!"

அன்று முழுக்க விக்கா குழியடுப்புப் புகையில் நின்றாள். சேம்பை உரித்தாள், தேங்காய் துருவினாள், கண் எரிந்தது. ஊர் முழுக்கப் போகிற வருகிற வழியில் அவள் இடுப்பைப் பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு போனது.

அடக்கம் முடிந்தபின் லவினியா முற்றத்தில் நின்று வந்தவர்களுக்குப் பங்கு கொடுத்தாள். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, ஓலைக்கூடையில் கிழங்கும் கறியும் போயின. சித்தானி மாமாவுக்குப் பெரிய பங்கு, கூடவே ஒரு நல்ல பாய். மாமா செமிசியின் தோளை ஒருமுறை தட்டினார். "லீவுக்காவது வாடா," என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்கு நடந்தார்.

கூடைகள் தீர்ந்தன. வாசல் காலியானது.

லுப்பே லவினியாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "எங்க கூடை எங்க?"

"உங்களுக்குக் கூடை கிடையாது."

"ஏன்?"

"கூடை, வீட்டுக்குப் போறவங்களுக்கு," என்றாள் லவினியா. "உனக்கு எங்க போகணும்?"

லுப்பே யோசித்தாள். பாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் உட்கார்ந்தாள். விக்கா அடியில் ஒட்டியிருந்ததை வழித்து அவள் வாயில் வைத்தாள்.