ஒன்பது கட்டங்கள்

முன்திர் துப்பாக்கிக் கட்டையால் அலமாரிக் கண்ணாடியை நொறுக்கினான். கோப்பைகள் சரிந்து விழுந்தன. அடுத்த அறையில் பெண்களின் அழுகை ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

ரிஹாப் திரும்பவில்லை. மடிக்கணினி மேல் தெறித்த சில்லை விரலால் தள்ளினாள். விரல் கீறி ரத்தம் வந்தது.

"இன்னும் முடியலையாக்கா? அச்சகத்துக்காரன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான்."

"கண்ணாடிய உடைச்சா சீக்கிரம் முடியுமா?"

காலை ஒன்பதரைக்கு அவர்களுடைய அண்ணன் ஸுஹைர் ஏணியில் நின்று ஜெனரேட்டர் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். கம்பி தங்கள் பால்கனியை உரசுகிறது என்று எதிர்ச்சாரி ஹல்லாக் வீட்டு மூத்தவன் கத்தினான். ஸுஹைர் ஏதோ கிண்டலாகச் சொன்னான். மூன்று குண்டுகள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் தெருச் சுவர்களில் அவன் படம் ஒட்டியாக வேண்டும். திரிப்போலியின் இந்தப் பகுதியில் முகம் சுவரில் ஏறாமல் ஜனாஸா ஊர்வலம் கிளம்பாது. கல்யாணப் படங்களைத் திருத்துவது ரிஹாபின் தொழில். அதனால் யாரும் வேறு ஆள் தேடவில்லை.

திரையில் இருந்தது போன மாதம் சித்தப்பா மகன் கல்யாணத்தில் அவளே எடுத்த படம். யாரோ கையில் திணித்த துப்பாக்கியை உயரத் தூக்கிப் பிடித்து ஸுஹைர் சிரிக்கிறான். அதற்கு முன்னும் பின்னும் அவன் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

"துப்பாக்கியோட இருக்கணும் மகளே" என்றார் வாசலில் நின்ற பெரியப்பா கஸ்ஸான். "வெறும் மூஞ்சிய ஒட்டினா, இந்த வீட்ல ஆம்பளையே இல்லன்னு அவனுங்க சிரிப்பானுங்க."

"துப்பாக்கியோட ஒட்டினா?"

"அவனுங்களுக்குப் புரியும்."

ரிஹாபுக்கும் புரிந்தது. அப்படி ஒட்டிவிட்டால் அது சபதம். மண் போட்ட கையோடு முன்திர் ஹல்லாக் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். அவனுக்கு இருபத்திரண்டு வயது. கதவுக்கு அந்தப் பக்கமும் துப்பாக்கிகள் இருந்தன.

கீழே யாரோ வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஜன்னல் அதிர்ந்தது.

அவள் திரையில் படம் வெட்டும் கருவியை அழுத்தினாள். படத்தின் மேல் நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு கோடுகள் விழுந்தன.

"என்னக்கா இது, அண்ணனை ஜெயில்ல போட்ட மாதிரி?"

"கட்டக்கோடு. கோடுங்க வெட்டிக்கிற இடத்துலதான் பாக்கறவன் கண்ணு முதல்ல விழும்." துப்பாக்கி முழுதாகத் தெரியும்படி சட்டத்தை இழுத்தாள். "நீங்க கேட்ட மாதிரியே வச்சிட்டேன். பாரு."

துப்பாக்கியின் வாய் மேல் சந்திப்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஸுஹைர் கீழே, ஓரக் கட்டத்தில், ஒரு காது வெட்டுப்பட்டுக் கிடந்தான்.

"அண்ணன் எங்க?"

"அங்கதான். ஓரத்துல."

"விரிச்சு வை."

"விரிச்சா ரெண்டும் சின்னதாயிடும். ஏதாவது ஒண்ணுதான்."

அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினான். பல் உதட்டில் இறங்கியது.

"வேணும்னே பண்றே!"

ரிஹாப் மவுஸை விடவில்லை. "இன்னொரு தடவை மோது. கோடு நகராது."

அவன் மூச்சு அவள் கழுத்தில் சுட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடி மெல்ல இளகியது.

"மூஞ்சிய நடுவுல வை."

"நடுவுல வேணாம். கண்ணு மேல் கோட்டுல இருக்கட்டும்."

"எங்கயாவது வையேன்" என்றான். குரல் உடைந்தது.

சட்டம் சுருங்கியது. துப்பாக்கி வெளியே நின்று இருண்டு, மறைந்தது. "பொட்டச்சி பேச்சக் கேக்கறான் பாரு" என்று பெரியப்பா படியில் துப்பிவிட்டு இறங்கினார்.

மூன்று மணிக்குச் சுவரொட்டிகள் வந்தன. முன்திர் தாள் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பசை வாளியும் தூரிகையுமாகப் போனான். துப்பாக்கி தோளில் தொங்கியது. அவன் நேராக ஹல்லாக் வீட்டு எதிர்ச்சுவருக்குப் போவதை ரிஹாப் பால்கனியிலிருந்து பார்த்தாள். அந்த வீட்டு ஜன்னல் ஒன்று கையகலம் திறந்திருந்தது.

வாளிக்குக் குனியும்போதெல்லாம் துப்பாக்கி வழுக்கி முன்னால் வந்து இடித்தது. இரண்டு முறை பின்னால் தள்ளினான். மூன்றாம் முறை கழற்றிச் சுவரில் சாய்த்தான்.

தாளை ஒட்டினான். ஸுஹைரின் கன்னத்தில் காற்றுக் குமிழ் ஒன்று எழுந்தது. முன்திர் தூரிகையை வாளியில் போட்டுவிட்டு உள்ளங்கையால் அதைத் தேய்த்தான். குமிழ் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.