முப்பத்து நாலாவது ஃபிரேம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அலுவலக நேரத்தில், ஒரு மனுவோடு, அதுவே வந்தது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். போன தை மாதம் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சான்றிதழ் கேட்டு என் மேசை முன்னால் வந்து நின்றார். பெயர்ப் பலகையைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“நீ வடக்கனந்தல் வீரமுத்து மவளாம்மா?”

“ஆமாங்க.”

“மூக்கு அப்டியே இருக்குது. உங்கப்பா எங்கிட்ட இருக்காரு. நெகட்டிவுல.”

அப்பா இறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. ‘இருக்காரு’ என்று ஒருவர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மனு கொடுக்க வந்தவர் பதறிப்போய், எனக்கே என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவர் பெயர் பச்சமுத்து. பழைய போட்டோகிராபர். மற்றதெல்லாம் பிறகு அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டவை, கேட்காமல் நானாகச் சேர்த்துக்கொண்டவை.

2

தொடக்கம் ஒன்று: ‘1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் எங்கும் சாலைகள் மறிக்கப்பட்டன. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில்—’

(செய்தித்தாள் வாசனை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: ‘புளியமரத்தில் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் ஒரே கனவைக் கண்டன. கல்வராயன் மலையின் அத்திப்பழங்கள் எல்லாம் மெல்ல மேலே எழுந்து—’

(இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் சந்தேகம். அந்த மரத்தடியில் கோடரியோடு நின்றது என் அப்பா. வௌவால் கனவைச் சொல்லிக்கொண்டே போனால் அவரைச் சொல்லாமல் தப்பித்துவிடலாம் பாருங்கள்.)

தொடக்கம் மூன்றை நேராகவே எழுதிவிடுகிறேன்.

3

பச்சமுத்துவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே காலனியில் வீடு. கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுப்பார். ஜன்னலைக் கம்பளியால் மூடிவிட்டால் அடுப்படியே இருட்டறை. மனைவி காசியம்மாள் நெகட்டிவைக் கழுவிக் கொடியில் காயப் போடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலில் விசேஷ வீட்டுக்கு முப்பத்திரண்டுதான். மிச்ச நாலு பறப்பவற்றுக்கு. கொக்கு, பனங்காடை, பஞ்சுருட்டான், சில நாள் தட்டான்பூச்சி. அதனால் அவர் வீட்டுக் கொடியில் தாலி கட்டி முடிந்ததும் கொக்கு பறக்கும். காது குத்தி அழும் குழந்தைக்கு அடுத்து மீன்கொத்தி பாயும்.*

* ஒருமுறை தவறிப்போய் ஒரு கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் மீன்கொத்தி ஒட்டப்பட்டுவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் அதை நல்ல சகுனம் என்று சொல்லி, அடுத்த கல்யாணத்துக்கும் மீன்கொத்தி கேட்டார்களாம்.

அந்த வருடம் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் சின்னப்பொண்ணு என்ற பெண்ணின் கல்யாணம். முப்பத்திரண்டு படம் எடுத்தாயிற்று. புரட்டாசி பிறந்துவிட்டது, இனி ஒரு மாதம் வேலை இல்லை. மிச்ச நாலையும் எடுத்து ரோலைக் கழுவிவிடலாம் என்று விடியற்காலையில் சைக்கிளை மிதித்து ரோட்டோரப் புளியமரத்துக்குப் போனார். பழந்தின்னி வௌவால்கள் மலையிலிருந்து திரும்பும் நேரம். நூற்றுக்கணக்கில் வந்து தொங்கும்.

அங்கே ஆறு பேர் மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையை மறிக்க.

மரம் சாய்ந்தபோது வந்து தொங்கியிருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்தன. பச்சமுத்து நாலு படமும் எடுத்தார். முப்பத்து மூன்றில் கை ஆடிவிட்டது. முப்பத்தைந்திலும் முப்பத்தாறிலும் புழுதி. முப்பத்து நாலு மட்டும்—

(இந்த வாக்கியத்தை இப்போதைக்கு இங்கேயே விடுகிறேன். படத்தை நான் பார்த்தது பிறகுதான்.)

அந்த வாரம் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். சில ஊர்களில் காலனி வீடுகள் எரிந்தன. பத்து நாள் கழித்து, மரம் வெட்டியவர்கள் யார் யார் என்று விசாரித்துக்கொண்டு போலீஸ் பச்சமுத்து வீட்டுக்கு வந்தது. கேமராவோடு அவரை யாரோ பார்த்திருக்கிறார்கள். படத்தைக் கொடு என்றார்கள். கொடுத்தால் ஆறு பேரும் உள்ளே.

4

அவர் கொடுக்கவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும், நான் பிறந்திருக்கிறேன் அல்லவா. அடுத்த தையில் அப்பாவுக்குக் கல்யாணம், அதற்கடுத்த வருடம் நான். கொடுத்திருந்தால் இது எழுத ஆளில்லாத கதை.

ஏன் கொடுக்கவில்லை? இதற்குத்தான் மூன்று மாதம் உட்கார்ந்தேன்.

முதல் வரைவில் பச்சமுத்து போலீஸ் முன்னாலேயே கேமராவின் முதுகைத் திறந்து ரோலை வெளிச்சத்துக்குக் காட்டிவிடுகிறார். பிரமாதமான காட்சி. ஆனால் அதே ரோலில் இருந்த சின்னப்பொண்ணு மாலையும் கழுத்துமாக என் பத்திக்குள் வந்து நின்றுகொண்டாள். அவளுடைய ஒரே கல்யாணத்தை நான் யாரைக் கேட்டு அழித்தேன் என்றாள். அந்த வரைவை அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவில் ரோல் பத்திரம். பச்சமுத்து விசாரணையில் மௌனமாக இருக்கிறார். வெளியே வந்து என் அப்பாவிடம், ‘நாம அண்ணன் தம்பியாத்தானே பழகறோம்’ என்கிறார். கண் கலங்க எழுதினேன். மறுநாள் காலையில் படித்தபோது கூசியது. என் அப்பா அவரை ‘டேய் போட்டோ’ என்றுதான் கூப்பிடுவார். என் தெருவில் யாரும் அவருக்கு முறை வைத்ததில்லை. அந்தப் போராட்டத்தில் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் எனக்கு இந்த வேலை. அது எங்களுக்குச் சேர வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வேலையும் எனக்கு, பச்சமுத்துவின் மன்னிப்பும் எனக்கு என்று நானே எழுதி எடுத்துக்கொள்வதா?

நடுவில் ஒரு பக்கம் முழுக்க வௌவால்களை எழுதினேன். மரமிழந்த அவை பகலெல்லாம் வானத்தில் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வெள்ளிமலைப் பக்கம் போகின்றன. பச்சமுத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு பின்னாலேயே மலை ஏறுகிறார். மூடுபனிக்குள் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து, ‘இங்க இருக்கீங்களா’ என்று கேட்டுக்கொண்டே நடக்கிறார்.*

* ‘நான் போவவே இல்லியே. எனக்கு அன்னிக்கி வயித்து வலி’ என்றார் பச்சமுத்து. இருந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

5

கடைசியில் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், வாசலில் நின்று ‘அண்ணே’ என்று கூப்பிட்டேன்.

“அண்ணேன்னு என்ன கூப்பிடற மொத ஆளு உங்க வூட்ல நீதான்,” என்றார். “சரி, படி.”

கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், “நல்லாத்தான் எழுதற. ஆனா அந்தாளு யாரு? நான் இல்ல,” என்றார்.

“அப்ப நீங்க ஏங்கண்ணே கொடுக்கல?”

“உங்கப்பாவ காப்பாத்தணும்னு எனக்கு இன்னா தலையெழுத்து? எனக்கு அவரு மேல கோவந்தான். நான் பத்து வருசமா பாத்துக்கினு இருந்த மரம் அது. ஆனா முப்பத்து நாலு மாதிரி ஒரு படம் எனக்கு முன்னயும் வுழல, பின்னயும் வுழல. கொடுத்தா கேஸ் கட்டுல வச்சி தச்சிடுவானுங்க. அப்பறம் அத்த எலிதான் பாக்கும். அதான், கேமரா கோளாறு, படம் வுழலன்னு சொல்லிட்டேன்.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. படத்துக்காக ஒருவன் பொய் சொல்வது கதைக்கு எவ்வளவு நல்லது. அதற்குள் உள்ளேயிருந்து காசியம்மாள் வந்தார்.

“அவரு பேச்ச எழுதிக்கினு போவாத. அந்த நெகட்டிவ கேவுரு பானையில போட்டு மூடனது நானு. இவரு ரெண்டு நாளு ஸ்டேசன்ல ஒக்காந்துக்கினு இருந்தாரு, நான் வெளிய நின்னுக்கினு இருந்தேன். படமாம் படம். கொடுத்தா உங்காளுங்க வந்து எங்க தெருவ கொளுத்துவாங்கன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல.”

நான் பேனாவை மூடினேன். அந்தப் பயத்துக்கு என் இரண்டு வரைவிலும் ஒரு வரிகூட இடம் இல்லை.

“அவ பயம் அவளுக்கு,” என்றார் பச்சமுத்து மெதுவாக. “எம் படம் எனக்கு. ரெண்டும்தான் எழுதேன்.”

6

பிஸ்கெட் டப்பாவிலிருந்து மெழுகுத்தாளைப் பிரித்து, ஒரு நெகட்டிவ் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

கறுப்பு வானம். அது நிறைய வெள்ளை வௌவால்கள். பகலே இரவாகி, வெளிச்சமெல்லாம் சிறகு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதுபோல் இருந்தது. கீழே வெளுத்த முகங்களோடு ஆறு பேர். ஐந்து பேர் சாய்ந்த மரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் கோடரியைத் தோளில் போட்டபடி, வாய் திறந்து மேலே பார்க்கிறார்.

மூக்கு என் மூக்குதான். அப்பா எதையும் அப்படி ஆச்சரியமாகப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. அவர்மேல் எனக்குப் பிரியமும் கோபமும் ஒன்றாக வந்தன.

பச்சமுத்து டப்பாவிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“கீழ பாதிய வெட்டி எடுத்துக்கினு போம்மா. உங்கப்பா உனுக்கு. வவ்வாலு எனுக்கு.”

வாங்கிக்கொண்டேன். எங்கே வெட்டுவது என்று பார்த்தேன். ஒரே ஒரு வௌவால் மற்றவற்றோடு மேலே எழாமல் தாழப் பறந்திருக்கிறது. அதன் சிறகு அப்பாவின் கன்னத்துக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. கொஞ்சம் மேலே வெட்டினால் வௌவாலுக்குச் சிறகு போகும். கொஞ்சம் கீழே வெட்டினால் அப்பாவுக்கு முகம் போகும்.

“நானும் முப்பத்தேழு வருசமா பாத்துக்கினுதான் இருக்கேன்,” என்றார்.

காசியம்மாள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்’ என்று எழுதினேன். பெருந்தன்மையையும் நானே எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது, அடித்தேன். ‘வெட்டினேன்’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். என் அப்பா விஷயத்தில் என் கையை நான் நம்பவில்லை. நெகட்டிவ் துண்டை, இதைப் படிக்கும் உங்களிடம் கொடுக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், நடுவில் விரல் படக் கூடாது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.