லோரன்சு பிரபு செய்த சம்பந்தம்

"தங்கை புருஷனைக் கொன்றவன், அந்தத் தங்கையின் மகளையே தன் மகனுக்குக் கட்டி வைத்தான். ஏன்?"

பி.ஏ. வரலாறு வகுப்பில் பத்மாசினி மிஸ் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய போர்ச்சுகல். லோரன்சு என்றொரு பிரபு. நிலத் தகராறில் மைத்துனனை வேட்டைக்கு அழைத்துப்போய்த் தீர்த்துவிட்டு, விபத்து என்றான். பிறகு, சொந்தத்தில் கட்டப் பாதிரியிடம் அனுமதி வாங்கிக் கல்யாணம். பெண் வீட்டுக்கு வந்துவிட்டால் அவள் நிலமும் வந்துவிடும். பழி கேட்க எதிர்வீடு என்று ஒன்றும் இருக்காது.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சின்னத்தாயின் பேனா நின்றது.

அவள் அப்பா கிணற்றில் விழுந்தபோது கூட இருந்தது தாய்மாமன் வெள்ளைத்துரை மட்டும்தான். பிணத்தைக் கட்டிக்கொண்டு அதிகமாக அழுததும் அவர்தான். அப்பாவின் நஞ்சை முழுக்க இப்போது சின்னத்தாய் பேரில். நாளைக்கு அவளுக்கும் மாமன் மகன் மலையாண்டிக்கும் பரிசம். அம்மா ஒச்சாயி, அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை.

அழைத்துப்போக மாமாவின் ஜீப் கல்லூரி வாசலில் நின்றது. ஏறமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஏறினாள்.

விளாங்குடி தாண்டியதும், ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த மாமா, இன்னைக்கு என்ன பாடம் என்று வழக்கம்போலக் கேட்டார். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்துவிடும் வெறி அவளுக்கு. முழுக் கதையையும் சொன்னாள்.

வெள்ளைத்துரை சிரித்தார். சொந்தத்தில் கட்ட அந்த ஊரில் பாதிரியிடம் அனுமதி வாங்கணுமா, தாய்மாமனுக்கு அங்கே அம்புட்டுத்தான் மரியாதையா என்று கேலி பேசினார். பிறகு கியரை மாற்றினார்.

"அந்தப் புள்ளைக்கு விசயம் தெரியுமாத்தா?"

அவர் சாலையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"தெரியாது மாமா."

"தெரியாதவ எதுக்கு இப்பிடி நடுங்குறா?"

பரவை மார்க்கெட் வாசலில் காய்கறி லாரி ஒன்று குறுக்கே திரும்ப, ஜீப் நின்றது. குதித்து ஓடினாள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வியாபாரி சோலையம்மாள் அவள் கையை எட்டிப் பிடித்து, என்ன ஏது என்று விசாரித்தாள். பின்னாலேயே அவசரமில்லாமல் வந்தார் வெள்ளைத்துரை. தங்கச்சி மகதான், பரிசம்னதும் வெக்கம் என்றார். கூட்டம் சிரித்தது. தாய்மாமனிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று அங்கே யாருக்குத் தோன்றும்? சோலையம்மாளே அவளை முன்னால் தள்ளிவிட்டாள்.

"எங்கப்பாவக் கெணத்துல தள்ளுனது இவருதான்."

சின்னத்தாய் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு அடங்கியது. சோலையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாய்மாமன்தானண்ணே? புள்ள தலையில கை வச்சு, இல்லைன்னு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

வெள்ளைத்துரையின் கை உயர்ந்தது. அவள் உச்சந்தலைக்கு மேலே வந்து அப்படியே நின்றது. கொலைக்குத் துணிந்த கை, தங்கை மகள் தலையில் பொய்ச் சத்தியம் செய்யத் துணியவில்லை. மெல்லக் கீழே இறங்கி வேட்டியைப் பற்றிக்கொண்டது. சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அவர் குனிந்து அவள் காதோடு பேசினார்.

"நீ இங்கனயே இருத்தா. ஒங்காத்தா வீட்டுல தனியாத்தான் இருக்கா. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஜீப் வாடிப்பட்டிப் பக்கம் சீறியது. அங்கேதான் அவர்கள் ஊர்.

கிளம்பிக்கொண்டிருந்த லாரியின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றாள் சின்னத்தாய். டிரைவரின் வசவைக் காதில் வாங்காமல், கதவைத் திறந்து ஏறினாள்.

"அந்த ஜீப்பு முந்துச்சுன்னா எங்கம்மா செத்துருவாண்ணே."

டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தான். ரோடு நெடுக அவள் கண்கள் ஜீப்பைத் தேடின. எங்கேயும் இல்லை. அது முந்திவிட்டது.